‘மறந்துட்டேன்’ என்ற பதிலுக்குப் பின்னால்: எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களின் மனநலமும் மருந்தும்

மாத்திரை ஏன் விட்டுப்போனது என்று கேட்டால் ஆலோசனை அறையில் அடிக்கடி கிடைக்கும் பதில் ‘மறந்துட்டேன்’. படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு டிக் போட்டு, போனில் அலாரம் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடலாம். சில மாதம் கழித்து வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) ஆயிரத்தைத் தாண்டி நிற்கும்போதுதான், அலாரம் தினமும் ஒழுங்காக அடித்தது, அதை அணைத்துவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்பது தெரியவரும்.

உலக அளவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் 53 சதவீதம் பேர் பெண்களும் சிறுமிகளும். மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிடும் பெண்களோடு சற்று நேரம் உட்கார்ந்து பேசினால் மறதிக்கு அடியில் வேறு ஏதாவது கிடக்கும். தூக்கம் கெட்டிருக்கும், கணவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருக்கும், வீட்டில் தனியாக ஐந்து நிமிடம் நிற்க இடம் இருக்காது, ‘இனி யாருக்காகச் சாப்பிடணும்’ என்ற சலிப்பு இருக்கும். அதைத் தொடாமல் மாத்திரை எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் எண்ணிக்கையும் சரியாகாது.

ஒரு மாத்திரைதானே?

இன்று பல நாடுகளில் முதல் தெரிவாகத் தரப்படுவது ஒரே கூட்டு மாத்திரை: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலைகூட இல்லை. ஒரு காலத்தில் வேளாவேளைக்குக் கை நிறைய மாத்திரை விழுங்கியவர்களை நினைத்தால் இது பெரிய ஆறுதல். ஆனால் குறைந்தது விழுங்கும் சிரமம்தான். மற்ற நேரங்களில் மறந்திருக்கும் நோயை, நாள் தவறாமல் ஒரு தடவை அந்த மாத்திரை எடுத்து முன்னால் வைக்கிறது. மனம் திடமாக இருக்கும்போது அது ஒரு நொடியில் கடந்துவிடும். மனம் சோர்ந்திருக்கும்போது அந்த ஒரு நொடியைத் தவிர்ப்பதற்காகவே மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. இதை அவர்கள் ‘மறதி’ என்று சொல்வதில் பொய்யும் இல்லை. மறக்க நினைத்தார்கள், மறந்தார்கள்.

‘95 சதவீதம் சாப்பிட்டாக வேண்டும்’ என்ற எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. மருந்துப் புட்டி திறக்கப்படுவதைப் பதிவுசெய்யும் மின்னணு மூடியைக் கொண்டு 81 பேரைக் கவனித்த ஆய்வு 2000-இல் வெளியானது. 95 சதவீதத்துக்குக் குறையாமல் சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுக்குள் வரவில்லை. 80 சதவீதத்துக்குக் கீழே போனவர்களில் அது 80 சதவீதமாக இருந்தது. அப்போதிருந்த மருந்துகளுக்கு அது பொருந்தியது. மாதத்துக்கு ஒரு நாள்தான் தவறலாம் என்ற கண்டிப்பு அங்கிருந்து வந்ததுதான். டோலுடெக்ராவிர் அவ்வளவு கறார் அல்ல. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். கூட இருக்கும் டெனோஃபோவிர் செல்லுக்குள் பல நாள் தங்கும். வைரஸ் இந்த மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்வதும் கடினம். பழைய எஃபாவிரென்ஸ் வகையில் இன்னொரு சிக்கல் உண்டு: எல்லா மருந்தையும் ஒன்றாக நிறுத்தினாலும் எஃபாவிரென்ஸ் மட்டும் ரத்தத்தில் பல நாள் தனியாக நிற்கும். தனி மருந்தை எதிர்த்துத் தப்பிக்க வைரஸ் கற்றுக்கொள்வது அப்போதுதான்.

இதில் மனநலத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று இருக்கிறது. மாதத்தில் அங்கொன்று இங்கொன்றாக நாலு நாள் விடுவதும், சேர்ந்தாற்போல நாலு நாள் விடுவதும் ஒன்றல்ல. தொடர் இடைவெளிதான் வைரஸுக்கு வசதி. உண்மையான மறதி பெரும்பாலும் சிதறலாக வரும். மனச்சோர்வு, பயணம், வீட்டில் விருந்தாளி, அடிதடி இவையெல்லாம் தொடர் இடைவெளியாக வரும். ஆகவே ‘எத்தனை நாள் விட்டீங்க’ என்பதோடு ‘எந்தெந்த நாள்’ என்றும் கேட்க வேண்டும். ஒரு காலண்டரை முன்னால் வைத்துக் கேட்டால், விட்ட நாட்கள் ஒரே கொத்தாக இருக்கின்றனவா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த வாரத்தில் என்ன நடந்தது என்பதே அடுத்த கேள்வி.

எதிர்ப்புறத்திலும் ஒரு தவறு நடக்கிறது. ஒரு நாள் விட்டதும் ‘எல்லாம் போச்சு’ என்று மனம் உடைந்து, அதற்குப் பிறகு பத்து நாள் தொடாமலே இருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கண்டிப்பு ஆகாது, கணக்கு சொல்ல வேண்டும். ஞாபகம் வந்த உடனே ஒன்று போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரமே பாக்கி என்றால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததைச் சாப்பிட்டால் போதும். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

சோர்வு எங்கிருந்து?

அமெரிக்காவின் நான்கு இடங்களில் எச்.ஐ.வி. உள்ள 765 பெண்களை 7 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2001-இல் வெளியானது. மனச்சோர்வுக் குறிகள் நீடித்திருந்த பெண்கள், அவை இல்லாத அல்லது அரிதாக இருந்த பெண்களைப் போல இரண்டு மடங்கு இறப்பு வாய்ப்போடு இருந்தனர், சி.டி.4 (நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை), வைரல் லோடு, சிகிச்சை போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் எச்.ஐ.வி. மருந்தைச் சரியாகச் சாப்பிடும் வாய்ப்பு விகிதம் 83 சதவீதம் கூடியிருந்தது. மனநலத்தை ‘நேரம் இருந்தால் பார்க்கலாம்’ என்ற பட்டியலில் வைக்கும் இடங்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

சோதிப்பதற்கு நேரம் இல்லை என்பது பொதுவான புகார். முதல் இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இரண்டும் சேர்ந்து 3 அல்லது மேல் வந்தால், மனச்சோர்வை அளக்கும், ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ.-9 படிவம் முழுவதையும் கேட்க வேண்டும். அதன் மொத்த மதிப்பெண் 27; அதில் 10-ஐத் தொட்டால் பேச்சு சிகிச்சையோ மருந்தோ யோசிக்க வேண்டிய நிலை. ஒன்பதாவது கேள்வி தன்னுயிர் போக்கிக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மற்ற மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே, தனி அறையில், நேராகக் கேட்டாக வேண்டும்: எண்ணம் மட்டும்தானா, வழி யோசித்தாரா, வழிக்கான பொருள் கையில் இருக்கிறதா, முன்பு முயன்றாரா. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அடுத்த மாதத் தேதி கொடுத்து அனுப்புவதுதான் ஆபத்து.

எச்.ஐ.வி.யில் இந்த மதிப்பெண்ணைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அசதி, பசியின்மை, தூக்கக் கோளாறு, கவனச் சிதறல் என்பவை மனச்சோர்விலும் வரும். ரத்தசோகை, தைராய்டு குறைவு, காசநோய், மாதவிடாய் நிற்கும் பருவம், கைக்குழந்தை வைத்திருப்பது எல்லாவற்றிலும் வரும். ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு மருந்தே ரத்தசோகையைக் கொடுக்கலாம். உடல் குறிகளால் மட்டும் மதிப்பெண் ஏறியிருந்தால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்காமல் மனநல மருந்து எழுதுவது அவசரம். குற்ற உணர்வு, தன்னைப் பயனற்றவளாக நினைப்பது, முன்பு பிடித்த எதிலும் பற்று போவது ஆகியவைதான் மனச்சோர்வின் தனி அடையாளங்கள். பிரசவமான பெண்களின் மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ அளவுகோல் இதனால்தான் பொருத்தம். 1987-இல் உருவான அதன் பத்துக் கேள்விகளில் அசதி, பசி போன்றவை இடம்பெறவில்லை. 30-க்கு 13-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். பல இடங்களில் 10-லேயே பேச்சைத் தொடங்கிவிடுகிறார்கள்.

மருந்தே மனதைத் தொல்லைப்படுத்தும் இடங்களும் உண்டு. எஃபாவிரென்ஸ் தொடங்கிய முதல் சில வாரங்களில் தலைச்சுற்றலும் விசித்திரமான, நிஜம் போன்ற கனவுகளும் வரும். கொழுப்பான சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் அளவு ஏறி அவை கூடும். அதனால்தான் வெறும் வயிற்றில், படுக்கப் போகும்போது போடச் சொல்வார்கள். முன்பே மனச்சோர்வு இருந்தவருக்கு இந்த மருந்தை மாற்றிக் கேட்பதே நல்லது. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். இரவு வேளையைக் காலைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். எடை கூடுவதும் உண்டு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக. யாரிடமும் சொல்லாமல் எடைக்காகவே மாத்திரையைக் குறைத்துக்கொள்பவர்கள் இருப்பதால், ‘உடம்பு போட்டது கஷ்டமா இருக்கா’ என்று நாமாகக் கேட்காதவரை அது வெளியே வராது.

செர்ட்ரலின், எசிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளை டோலுடெக்ராவிரோடு தரலாம். குறைந்த அளவில் தொடங்குவார்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் வரும் குமட்டலைப் பார்த்து ‘ஒத்துக்கல’ என்று நிறுத்துவதுதான் வழக்கமான தோல்வி, ஆகவே அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ‘இயற்கை’ என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரை மட்டும் கூடவே கூடாது, அது எச்.ஐ.வி. மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும்.

புட்டியின் சத்தம்

மறைத்து வாழ்வது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதை வெளியில் இருப்பவர்கள் யோசிப்பதில்லை. 30 மாத்திரைப் புட்டி பையில் ஆடினால் கலகலவென்று சத்தம் போடும். 90 மாத்திரைப் புட்டி இன்னும் பெரியது, ஒளிக்கக் கடினம். பஞ்சு வைத்து அடக்குவார்கள், லேபிளைச் சுரண்டுவார்கள், வேறு டப்பாவில் கொட்டுவார்கள். டப்பா மாற்றும்போது ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் பழைய புட்டியோடே போய்விடும். காற்றின் ஈரத்தில் மாத்திரை கெட்டுவிடும் என்பதால், மொத்தத்தையும் கொட்டாமல் மூன்று நாலு நாளைக்கு உரியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு மீதியை மூடிய புட்டியிலேயே வைக்கச் சொல்ல வேண்டும். லேபிள் இல்லாத டப்பாவுக்கு இன்னோர் ஆபத்து, குழந்தைகள்.

‘சத்து மாத்திரை’ என்று வீட்டில் சொல்லி வைப்பவர்களுக்கு எதிர்பாராத வினை ஒன்று வரும். உண்மையிலேயே இரும்பு, கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தால் இரண்டையும் சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்குவார்கள். அந்த உலோகங்கள் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடலில் ஏறவிடாமல் தடுக்கும். டோலுடெக்ராவிரை 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். ஒரு வேளைகூட விடாத பெண்ணுக்கு வைரல் லோடு ஏறினால் ‘நீ சாப்பிடல’ என்று சந்தேகப்படுவதற்கு முன் இதையும், அமிலக் குறைப்பு மருந்தையும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினையும் விசாரிக்க வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது டோலுடெக்ராவிர் நாளுக்கு இரண்டு வேளை தேவைப்படும். வீண்பழி சுமந்த பெண் அடுத்த முறை உண்மை பேச வாய் திறக்க மாட்டாள்.

வேளையைத் தேர்ந்தெடுக்கும்போது கடிகாரத்தைவிட வீட்டின் நடமாட்டம் முக்கியம். இரவு 9 மணி என்று நாம் எழுதித் தருகிறோம். அவர் வீட்டில் 9 மணிக்குத்தான் எல்லோரும் ஒரே அறையில் கூடுவார்கள். ‘தினமும் நீங்க தனியா இருக்கிற ஒரு நேரம் சொல்லுங்க’ என்று கேட்டால், காலையில் குளிக்கப் போகும் நேரம் என்றோ வேலைக்கு நடக்கும் வழி என்றோ அவரே சொல்லிவிடுவார்.

சொல்லிவிடுங்கள், பாரம் குறையும் என்று அறிவுரை சொல்வதில் கவனம் தேவை. சிலருக்குக் குறையும். சிலருக்கு வீட்டில் அடி விழும். துணைவரின் வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் மருந்தைச் சரியாகச் சாப்பிடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதை 2015-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே யாரிடமாவது சொல்லச் சொல்வதற்கு முன், தனியாக வைத்து, வீட்டில் யாரைக் கண்டு பயம் என்று கேட்க வேண்டும். கணவரும் கூட வந்திருந்தால் எடை பார்க்க, ரத்தம் எடுக்க என்று ஏதாவது காரணம் சொல்லிப் பிரித்து அழைத்துச் செல்ல வேண்டும். பயம் இருக்கும் இடத்தில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஆலோசனை நடத்துவது அவரை ஆபத்தில் தள்ளும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரிசை எளியது: கேள், தேவையை விசாரி, நம்பு, பாதுகாப்பை உறுதிசெய், உதவியோடு இணை. தீர்ப்பு சொல்வதற்கோ பிரிந்து வரச் சொல்வதற்கோ அந்த வரிசையில் இடமில்லை. சொல்வதென்று அவரே முடிவு செய்தால், யாரிடம் முதலில், எந்த இடத்தில், என்ன வார்த்தையில், அவர் கோபப்பட்டால் எங்கே போவது என்பதை ஒத்திகை பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.

குழந்தைக்கு நெகட்டிவ் வந்த பிறகு

கர்ப்ப காலத்தில் ஒழுங்காகச் சாப்பிட்ட பெண் பிரசவத்துக்குப் பின் ஏன் நழுவுகிறார் என்பது இந்தத் துறையின் பழைய புதிர். 51 ஆய்வுகளைச் சேர்த்து 2012-இல் வெளியான தொகுப்பு, மருந்தைப் போதுமான அளவு சாப்பிட்டவர்கள் கர்ப்பத்தில் 76 சதவீதம், பிரசவத்துக்குப் பின் 53 சதவீதம் என்று காட்டியது. எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சரியான சிகிச்சையில் 5 சதவீதத்துக்கும் கீழே. ஒன்பது மாதம் அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லி, மருந்து குழந்தைக்காக என்றே மனதில் பதித்துவிடுகிறோம். குழந்தைக்கு நெகட்டிவ் என்று முதல் முடிவு வந்ததும் வந்த வேலை முடிந்துவிட்டதாக மனம் ஓய்ந்துவிடுகிறது. முதல் மாதத்திலிருந்தே ‘இது உங்களுக்காக’ என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இந்தச் சரிவு இவ்வளவு இருக்காது.

மற்ற காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. தூக்கம் துண்டுதுண்டாகப் போகிறது. குழந்தை பார்க்க வருபவர்களால் வீட்டில் மறைவிடம் இல்லாமல் போகிறது. பிரசவப் பிரிவிலிருந்து, எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. பிரிவுக்கு மாறும்போது புது வரிசை, புது முகம், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய அலுப்பு. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே அடுத்த ஆலோசகரை நேரில் அறிமுகப்படுத்திவிட்டால் இந்தக் கடைசித் தடையாவது நீங்கும். ஆறாவது வாரம் குழந்தையின் பரிசோதனைக்கு வரும்போதே எடின்பரோ கேள்விகளையும் கேட்டுவிடலாம்; தனி நாள் வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவரிடம் ஒன்றைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும்: வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உடலுறவு வழியே துணைக்குத் தொற்றாது. தாய்ப்பால் வழியே தொற்றும் வாய்ப்பு அப்போது மிகமிகக் குறைவு, ஆனால் பூஜ்ஜியம் அல்ல.

துணைக்குத் தொற்றாது என்ற அந்த முதல் செய்தியே மனநலத்துக்கு ஒரு மருந்து. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள இணையர்களைக் கவனித்து 2016-இலும் 2019-இலும் வந்த பார்ட்னர் ஆய்வுகளில், வைரஸ் கட்டுக்குள் இருந்தவரிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூட ஏற்படவில்லை. தன்னைத் தொட்டாலே கேடு என்று பல ஆண்டு நினைத்திருந்த பெண்ணுக்கு வைரல் லோடு தாளைக் காட்டி, அந்த எண்ணுக்கு இதுதான் அர்த்தம் என்று விளக்க ஐந்து நிமிடம் ஆகும். பல இடங்களில் ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லோடு தாள் மடிக்கப்படுகிறது.

யார் பேசுவது?

மனநல மருத்துவர் இல்லாத இடத்தில் எதுவும் செய்ய முடியாது என்ற எண்ணத்தை ஜிம்பாப்வேயின் ‘நட்பு பெஞ்ச்’ மாற்றியது. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய அந்தத் திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 2016-இல் வெளியான அதன் ஆய்வில் பங்கேற்ற 573 பேரில் பெரும்பாலோர் பெண்கள்; ஐந்தில் இரண்டு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஆறு மாதத்துக்குப் பின், பெஞ்சில் பேசிய பிரிவினரின் மனச்சோர்வு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. அங்கே அந்த நோய்க்கு ஷோனா மொழிப் பெயர் ‘கூஃபுங்கிசிசா’. மிதமிஞ்சி யோசிப்பது என்று பொருள். தமிழில் ‘மனசுல ஒரே யோசனையா இருக்கு’ என்று சொல்வதும் அதேதான். டிப்ரஷன் இருக்கா என்று கேட்டால் இல்லை என்பவர், யோசனை ஜாஸ்தியா இருக்கா என்று கேட்டால் பேசத் தொடங்குவார்.

அந்த பெஞ்சில் நடக்கும் ஆறு சந்திப்புகளின் உள்ளடக்கம் மாயம் ஒன்றும் இல்லை. பிரச்சினைகளை எல்லாம் கொட்டச் சொல்வது, ஒன்றைத் தேர்வது, அதற்கு வழிகளை அவரையே சொல்ல வைப்பது, அதில் இந்த வாரம் முடியக்கூடிய ஒன்றை எடுப்பது, அடுத்த முறை என்ன ஆனது என்று பார்ப்பது. கெட்டுப்போகும் இடம் தேர்வில்தான். ஆலோசகருக்கு மாத்திரை முக்கியம். அந்தப் பெண்ணுக்கு வாடகை முக்கியம். வாடகையை எடுத்துக்கொண்டால் மாத்திரை தானே பின்னால் வரும், பெரும்பாலும்.

மாத்திரை எண்ணுவது பற்றி ஒரு வார்த்தை. 30 வாங்கிப் போனவர் 28-ஆம் நாள் வந்தால் கையில் 2 மீதம் இருக்க வேண்டும். 5 இருந்தால் 25 சாப்பிட்டிருக்கிறார், 89 சதவீதம். திட்டு வாங்கிய அனுபவம் உள்ளவர் வரும் வழியிலேயே மூன்றைக் கொட்டிவிட்டு வருவார், கணக்கு 100 ஆகிவிடும். அதனால் எண்ணிக்கையைவிடக் கேட்கும் தொனி நம்பகமான கருவி: ‘தினமும் போடுறது எல்லாருக்குமே கஷ்டம்தாம்மா. போன நாலு நாள்ல எத்தனை வேளை விட்டுப்போச்சு?’ விட்டுப்போயிருக்கும் என்று நாமே எடுத்துக்கொடுப்பதால் அவர் ஒளிக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிகள் மறைத்து வைக்கும் சுமையை நீக்குகின்றன. வைரஸ் ஏற்கெனவே கட்டுக்குள் இருந்து, ஹெபடைடிஸ் பி இல்லாதவர்களுக்கு இவற்றை மாற்றாகத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் பரிந்துரைத்தது. தேதி தவறினால் மருந்து எதிர்ப்பு வரும் அபாயம் இதில் அதிகம் என்பதால், வர முடியாத சூழலில் இருப்பவருக்கு இது தீர்வாகாது.

சில மாதம் காணாமல் போய்த் திரும்பி வருபவரிடம் ‘ஏன் நிறுத்தினீங்க’ என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. வந்ததற்கு நன்றி சொல்லி உட்கார வைத்து, இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு உண்டா என்று காசநோய்க்கும், விடாத தலைவலி உண்டா என்று மூளைச்சவ்வு அழற்சிக்கும் பார்க்க வேண்டும். சி.டி.4 200-க்குக் கீழே இருந்தால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைத் தொற்றுக்கான சோதனையும் சேரும். இவற்றில் சந்தேகம் இல்லையென்றால் அன்றைக்கே மருந்தைத் தொடங்கலாம். வைரல் லோடை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். காரணத்தைக் கேட்பதை இரண்டாவது வாரச் சந்திப்புக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் அவர் ‘மறந்துட்டேன்’ என்றுதான் சொல்வார்.